ஏழாம் படுக்கையின் பயம்

அந்த வார்டுக்குள் நுழைகிற எந்தப் பெண்ணும் முதலில் மெட்டியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். வளையல் கூடாது, கொலுசு கூடாது, தலையில் பூ கூடாது. பூவின் வாசனைகூட அங்கே ஒரு சத்தம்தான். தாலிச்சங்கிலி ஆடாமல் இருக்க ஊக்கு குத்திக்கொள்ள வேண்டும். இயந்திரங்கள் கூவுவதில்லை, எந்தப் பிள்ளைக்கு என்ன ஆனாலும் செவிலியரின் இடுப்பில் கட்டிய சின்ன டப்பா நடுங்கும், அவ்வளவுதான். கோயில் கருவறை மாதிரி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கோயிலில் மணியாவது அடிக்கும்.

பேச்செல்லாம் கைஜாடைதான். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தால் ரத்தம் எடுக்க வேண்டும் என்று பொருள். கன்னத்தில் கை வைத்தால் பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஊசி, சளி உறிஞ்சுவது, உடம்பு துடைப்பது எல்லாவற்றையும் ஒரே கையாகச் சேர்த்துக் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். அப்புறம் நாலு மணி நேரம் அந்தப் பிள்ளையை யாரும் தொட மாட்டார்கள்.

அங்கே பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள் அமலோற்பவம். எல்லோருக்கும் அமலி சிஸ்டர். கடற்கரை ஊர்க்காரி. புருஷன் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். திருநெல்வேலியில் வேலை முடித்து வீட்டுக்குப் போனால் குக்கர் விசில்கூட அவளுக்கு ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். அதனால் அந்த வீட்டில் குக்கரே கிடையாது. அவளுடைய மகள் பள்ளிக்கூடத்துக் கதையை வாயால் சொல்வதில்லை, நோட்டில் எழுதி அம்மா முன்னால் நீட்டுவாள். அப்படிப் பழகிவிட்டது.

ஏழாம் படுக்கையில் முகிலா. ஐந்து வயது. மூளைக்காய்ச்சல் வந்து ஒன்பது நாள் ஆகிறது. மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறார்கள். தலைமாட்டுத் திரையில் தெரிவது மண்டைக்குள் இருக்கும் அழுத்தத்தின் எண். இருபதுக்குள் இருந்தால் பிள்ளை தேறிவிடும். அன்று காலையில் இருபத்திரண்டு. பதினோரு மணிக்கு இருபத்துநாலு.

முகிலா வந்த முதல் நாள், அவளுடைய அம்மா சண்முகக்கனி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு அமலியின் கையையே பார்த்தாள்.

"அது என்ன சிஸ்டர், கையில பட்டை?"

"சுமைதாங்கின்னு சொல்லுவோம்மா. வெளிநாட்டுல என்னவோ பேரு வச்சிருக்கான், எங்க வாயில நுழையாது. உங்க மக தலையில மெத்துன்னு ஒரு தொப்பி போட்டிருக்குல்ல, அதுக்கும் இதுக்கும் தொடர்பு. சுளுக்கின காலை நடக்க வைப்போமா? வீங்கின மூளைக்கும் அப்படித்தான், வேலை குடுக்கக் கூடாது. சத்தம், வெளிச்சம், ஊசி, தொடுறது எல்லாமே அதுக்கு வேலை. முடிஞ்ச வரைக்கும் குறைச்சிருவோம். குறைக்க முடியாதது இந்தப் பட்டை வழியா எனக்கு வந்துரும்."

"அப்ப அவளுக்கு ஊசி போட்டா வலி உங்களுக்கா?"

"ஏதோ கொஞ்சம்."

"அதை எனக்குக் கட்டி விடுங்க. நான் பெத்தவ."

"பெத்தவங்களுக்குக் கட்டக் கூடாதும்மா. பிள்ளைகிட்டயிருந்து பத்து வந்தா, நம்மகிட்டயிருந்து ஒண்ணு திரும்பிப் போகும். உங்களுக்கு இருக்கிற பயத்துல ஒரு துளி போனாப் போதும், அந்த நம்பர் ஏறிரும்."

சண்முகக்கனி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். "இங்க ரொம்ப அமைதியா இருக்கு சிஸ்டர். எனக்கே என்னவோ போல இருக்கு. இவளுக்கு இப்படி இருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

"அமைதிதான்மா இங்க மருந்து" என்று சொல்லிவிட்டு அமலி உள்ளே போய்விட்டாள். ஒரு நாளைக்கு நாலு பேரிடம் சொல்லுகிற வாக்கியம் அது. நாக்கிலேயே தயாராக இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பட்டையைக் கட்டுகிற எல்லோருக்கும் அதுதான் பாடம்: மருந்தில் தூங்குகிற பிள்ளைக்குப் பயம் கிடையாது. பட்டையில் பயம் தெரிந்தால் அது உன்னுடையது. உடனே கழற்று, பதிவேட்டில் எழுது, வேறு ஆள் வரட்டும்.

அமலி அதை ஒருபோதும் மீறியதில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் மூன்றாம் படுக்கையில் அபினேஷ் என்று ஒரு பையன் இருந்தான். அவனுக்குப் பட்டை கட்டியிருந்தபோது அவளுக்குள் பயம் புகுந்தது. கரையில் நின்று கண்ணுக்கு எட்டாத படகைத் தேடுகிற பயம். புருஷனை நினைத்து வருகிறது என்று புரிந்துகொண்டு சட்டென்று கழற்றிவிட்டாள். மாற்று ஆள் வரப் பத்து நிமிஷம் ஆயிற்று. அன்று சாயங்காலம் பையன் போய்விட்டான். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் தன் பயத்தில் ஒரு துளி அவனுக்குள் போய்த்தான் அப்படி ஆயிற்று என்று அவளுக்கு ஒரு எண்ணம். அன்றிலிருந்து சின்னதாக நெஞ்சு படபடத்தாலும் முதல் ஆளாகக் கழற்றிவிடுவாள்.

முகிலாவிடமும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அமலி மட்டுமில்லை, எல்லோருமே. மூன்று நாளாக ஏழாம் படுக்கையில் யார் பட்டை கட்டினாலும் ஒரு மணி நேரம் தாங்கவில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்குத் தாசன் பட்டையைக் கழற்றிக்கொண்டு ஓய்வறைக்கு வந்தான். மூன்று பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன், லேசில் அசைகிற ஆள் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எனக்கு என்ன வந்துச்சுன்னே தெரியல சிஸ்டர். எங்க மாமியா ஒரு மாசம் வந்து தங்கப்போறேன்னு சொன்னப்பகூட நான் இப்படி வேர்க்கல."

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன். பயம், என்னுடையது. எத்தனை தடவைதான் எழுதுறது? நம்ம எல்லாருக்கும் சேர்ந்தாப்புல என்ன கேடு வந்திருக்கு?"

டாக்டர் ஹமீதா பானு வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் இருவரும் எழுந்துகொண்டார்கள்.

"இருபத்தஞ்சு" என்றார். "இன்னும் குறைங்க. ஏசி காத்து அந்தப் பக்கம் போக வேண்டாம். விளக்கு முழுசா அணைச்சிருங்க. பட்டை கட்டுறவங்க மூச்சுக்கூட மெல்ல விடட்டும்."

"இனிமே குறைக்க அங்க ஒண்ணுமே இல்ல மேடம்" என்றாள் அமலி.

"தெரியும். ஆனா நாலு மணிக்குள்ள இருபதுக்குக் கீழ வரலன்னா மண்டை ஓட்டைத் திறந்தாகணும். ரத்தம் உறையிற அளவு அவளுக்கு ரொம்ப மோசமா இருக்கு. மேசையிலயே..." அவர் முடிக்கவில்லை. "அம்மாகிட்டக் கையெழுத்து வாங்கிருங்க சிஸ்டர்."

எல்லாவற்றையும் குறைத்தார்கள். ஒரு மணிக்கு எண் இருபத்தாறு.

அமலி தாளை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். சண்முகக்கனி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ராஜபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவள். புண்ணுக்குக் கட்டுகிற வலைத்துணி நெய்கிற ஊர். ஒன்பது நாளாகியும் அவள் தலைமுடியில் பஞ்சுத்தூசி அங்கங்கே வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. தாளை வாங்கினாள், படிக்கவில்லை.

"ஏன் சிஸ்டர், எல்லாரும் மாத்தி மாத்தி அந்தப் பட்டையைக் கழட்டுதீங்க? கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எம்பிள்ளைகிட்ட என்ன இருக்கு, கை சுடுற மாதிரி?"

"அவகிட்ட ஒண்ணும் இல்ல கனி. பயம். எங்க பயம்."

"உங்களுக்கு என்ன பயம்?"

இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் யாரும் அமலியிடம் கேட்டதில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு எப்பவும் உள்ளதுதான். வீட்டுக்காரர் கடலுக்குப் போனா, கரையில நின்னு படகு மோட்டார் சத்தம் வருதான்னு காதைக் குடுத்துக்கிட்டே இருப்போம். வரணும். வர மாட்டேங்குது. உடம்பு முழுக்கக் காதா ஆயிரும். அந்த மாதிரி."

"அண்ணன் இப்ப கடல்லயா இருக்காக?"

அமலி வாயைத் திறந்தாள். அப்படியே நிறுத்தினாள்.

மே மாதம். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரைக்கும் விசைப்படகு ஒன்றும் கடலில் இறங்காது. அவள் புருஷன் காலையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரையில் கிடந்த படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். அவளே தேநீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

"இல்ல" என்றாள். "வீட்டுலதான் இருக்கார்."

"அப்ப யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க?"

சண்முகக்கனி தாளைக் கீழே வைத்தாள்.

"சத்தம் வரணும், வரலங்கிற மாதிரின்னு சொன்னீங்கல்ல? சிஸ்டர், அது முகிலா. எங்க தறி செட்லதான் அவ வளந்தா. தறிக்கு மேலயே தொட்டில் கட்டிப் போட்டிருந்தேன். தறி ஓடுற வரைக்கும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவா. தறி நின்னுச்சுன்னா முழிச்சிருவா. சும்மா நிக்காது பாருங்க. இழை அறுந்தா நிக்கும், கரண்டு போனா நிக்கும். அவ அப்பாவுக்குத் தறியில கை மாட்டினப்பயும் அப்படித்தான் நின்னுச்சு. அன்னியில இருந்து தறி நின்னா அவ மூச்சே விட மாட்டா. திரும்ப ஓடுற வரைக்கும் அப்படியே கண்ணை முழிச்சுக்கிட்டுக் கிடப்பா." அவள் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். "முத நாளே சொல்ல வந்தேன். நீங்கதான் அமைதி மருந்துன்னு சொன்னீங்க. படிச்சவங்க சொல்லுதாங்கன்னு நானும்..."

அமலி எழுந்து ஓடினாள். அந்த ஆஸ்பத்திரியில் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

டாக்டர் ஹமீதா பானு நம்பவில்லை. "தூக்க மருந்துல இருக்கிற பிள்ளைக்குப் பயமா? எந்தப் புத்தகத்துலயும் இல்லையே."

"மூணு நாளா ஆறு பேர் கட்டியிருக்கோம் மேடம். ஆறு பேருக்கும் ஒரே பயம் எப்படி வரும்? தாசனுக்குக் கடலும் கிடையாது படகும் கிடையாது."

"சரி. தறிச் சத்தத்தை வார்டுக்குள்ள போட முடியுமா? பக்கத்துல எட்டுப் பிள்ளைங்க இருக்கு."

"வார்டுக்குள்ள வேண்டாம். என் காதுல போடுங்க. பத்து வந்தா ஒண்ணு திரும்பிப் போகும்ல? இத்தனை நாள் அந்த ஒண்ணுக்குத்தானே பயந்தோம்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம். "நம்பர் ஏறுச்சுன்னா?"

"நானே கழட்டிருவேன்."

சண்முகக்கனி நாத்தனாருக்குப் போன் போட்டாள். அமலி ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் ஒரே காக்காச் சத்தம்.

"எப்படிம்மா தறி ஓட்ட, மதினி? இன்னிக்கு மாசாந்திரப் பராமரிப்புன்னு காலையிலேயே கரண்டை நிப்பாட்டிட்டான். அஞ்சு மணிக்குத்தான் விடுவானாம். ஊரே செத்துக் கிடக்கு."

அமலி போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "பழைய வீடியோ ஏதாவது? போன்ல புடிச்சு வச்சிருப்பீங்களே?"

"கல்யாணம் காதுகுத்து எல்லாம் இருக்கு. தறிச் சத்தத்தை யார் சிஸ்டர் படம் புடிப்பாக? எப்படா நிக்கும்னு நெனைக்கிற சத்தம்!" என்றாள் சண்முகக்கனி.

தாசன் தன் போனில் தேடி எங்கேயோ ஓடுகிற ஒரு தறியைக் கண்டுபிடித்தான். அமலி காதில் மாட்டிக்கொண்டு, பட்டையைக் கட்டி முகிலாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டிய உடனே அந்தப் பயம் வந்தது. இந்தத் தடவை அவள் கழற்றவில்லை. உள்ளே ஒரு சின்ன உயிர் காதை விரித்துக்கொண்டு கிடப்பது இப்போது தெளிவாகவே தெரிந்தது. தறிச் சத்தம் கேட்டதும் அது திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. இருபத்தைந்து. பிறகு என்ன ஆயிற்றோ, ஏமாந்த மாதிரி விறைத்துக்கொண்டது. இருபத்தேழு.

அமலி வெளியே வந்து போனைச் சண்முகக்கனி காதில் வைத்தாள். அவள் நாலு நொடி கேட்டாள்.

"இது எங்க தறி இல்ல. இது குதிரை மாதிரி சீரா ஓடுது. எங்கது கிழடு. நாலாவது அடியில நொண்டும்." சொல்லிக்கொண்டே தொடையில் தட்டிக் காட்டினாள். மூன்று அடி ஒரே சீராக, நாலாவது ஒரு மயிரிழை தாமதித்து, கொஞ்சம் அழுத்தி.

அமலி அந்தக் கையைப் பார்த்தாள்.

இரண்டேகால் மணிக்குச் சண்முகக்கனி மெட்டியைக் கழற்றினாள். வளையலைக் கழற்றினாள். ஒன்பது நாளுக்குப் பிறகு மகளிடமிருந்து மூன்றடி தூரத்தில் வந்து நின்றாள். தொடக் கூடாது, பேசக் கூடாது. அமலி பட்டையைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டினாள். தட்டுகிற சத்தம் கேட்காமலிருக்க, வலைத்துணி மடிப்பு ஒன்றைத் தாசன் அவள் முதுகில் ஒட்டவைத்தான். சண்முகக்கனி அதைத் தொட்டுப் பார்த்தாள். அவள் ஊர்ச் சரக்கு அது.

பிறகு தட்ட ஆரம்பித்தாள்.

முதலில் கை நடுங்கியது. தாயின் பயமும் சேர்ந்து முதுகில் இறங்குவது அமலிக்குத் தெரிந்தது. இருபத்தேழு. இருபத்தெட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் கையைத் தூக்கினார், நிறுத்து என்று. அமலி தலையை ஆட்டினாள். இன்னும் கொஞ்சம். கர்த்தரே, இன்னும் கொஞ்சம்.

பதினாறு வருஷம் தறி ஓட்டிய கை. சில நிமிஷத்தில் அதற்கு வேலை பிடிபட்டுவிட்டது. வேலை பிடிபட்டதும் நடுக்கம் போய்விட்டது. மூன்று அடி, அப்புறம் நொண்டல். மூன்று அடி, அப்புறம் நொண்டல். முதுகெலும்பு வழியாக ஒரு ஊரே ஓடத் தொடங்கியது போலிருந்தது அமலிக்கு.

அப்புறம், உள்ளே விரித்துக்கொண்டு கிடந்த அந்தக் காது மெல்ல மடங்கியது. வேறெப்படிச் சொல்வது? பிள்ளை புரண்டு படுத்துக்கொள்வாளே, அப்படி.

இருபத்தாறு. இருபத்துநாலு. அங்கேயே அரை மணி நேரம் நின்றது. மூன்று மணிக்குச் சண்முகக்கனி எண்ணைப் பார்த்து அழுதுவிட்டாள். ஒரு நொடி கை நின்றது. அடுத்த நொடியே அமலியின் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது அந்தப் பயம். அவள் திரும்பாமலே, பின்னால் கையை நீட்டித் தாயின் முழங்காலைப் பிடித்துக் கிள்ளினாள். கை மறுபடி ஓடியது. வலது தோள்பட்டை இறங்கும்போது இடது கை, இடது கை ஓயும்போது வலது கை.

நாலு மணிக்கு டாக்டர் உள்ளே வந்தார். எண் பத்தொன்பது. கையிலிருந்த கையெழுத்துத் தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். வார்டில் பேசக் கூடாதே.

ஐந்தே கால் மணிக்கு மின்சாரம் வந்தது. நாத்தனார் போனைத் தறியின் மேலேயே கட்டித் தொங்கவிட்டிருந்தாள். தாசன் பட்டையைக் கட்டிக்கொண்டு, அந்தக் கிழட்டுத் தறியைக் காதில் வாங்கியபடி முகிலாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். பதினேழு. சண்முகக்கனியை வெளியே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள். அவளுக்குத் தேநீர் கிளாசைப் பிடிக்க முடியவில்லை. அமலி பிடித்துக்கொண்டாள், அவள் குடித்தாள்.

"முதுகு வலிக்குதா சிஸ்டர்?"

"பன்னண்டு முழத் துணி நெய்ஞ்சிருப்பே என் முதுகுல" என்றாள் அமலி. இருவரும் சிரித்தார்கள், அப்புறம் அழுதார்கள்.

பணி முடிந்து பதிவேட்டில் எழுத வேண்டியது பாக்கி. ஓய்வறையில் யாரும் இல்லை. நாள், படுக்கை எண், பட்டை கட்டிய நேரம், கழற்றிய நேரம், காரணம். காரணம் என்ற இடத்தில் அமலி எழுதினாள்: 'பயம். குழந்தையுடையது.' எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு மேலே இருந்த வரி, தாசனுடையது: 'பயம். என்னுடையது.' அதற்கு மேலே இன்னொருத்தியின் கையெழுத்து: 'என்னுடையது.' பக்கத்தைத் திருப்பினாள். வேறு படுக்கை, வேறு பிள்ளை. 'என்னுடையது.' நீல மை, கறுப்பு மை, அவசரக் கிறுக்கல், முத்து முத்தான எழுத்து. எல்லோரும் தங்கள் பெயரில் எழுதி வைத்திருந்தார்கள்.

அலமாரியைத் திறந்து பழைய பதிவேடுகளை எடுத்தாள். தேடுவது எது என்று அவளுக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முந்தையது, பச்சை அட்டை. முதுகில் இன்னும் அந்த நொண்டல் அடி ஓடிக்கொண்டிருந்தது.

அபினேஷின் அப்பா ஞாபகத்துக்கு வந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "சின்னதா ஒரு லைட்டு மட்டும் எரியட்டுமே சிஸ்டர், அவன் முழிச்சா தேடுவான்" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அவள் அந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள்.

மூன்றாம் படுக்கை. அவளுடைய கையெழுத்தேதான். 'பயம். என்னுடையது. கழற்றினேன். அமலி.'

விரலை வைத்துக்கொண்டு வரியின் தொடக்கத்துக்குப் போனாள், தேதியைப் பார்க்க.

மே மாதம் பதினொன்று.

அன்றைக்கு அவர்கள் கரையிலிருந்து ஒரு விசைப்படகும் கடலுக்குப் போயிருக்கவில்லை.